கேபின் கட்டக் கொடுக்கும் முன் ஆர்.சி.யில் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள்

குட்டி யானை ஒன்றோ, பிக்கப் ஒன்றோ வாங்கி, அதன் முதுகில் ஒரு கேபின் கட்டி, நடமாடும் டிபன் கடை போடலாம் என்று யோசிக்கிறீர்களா? புதுக்கோட்டை மாவட்டத்தில் அதற்கு இடப் பஞ்சமே இல்லை. ஜனவரியில் தச்சங்குறிச்சி ஜல்லிக்கட்டு, பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழா, லீவு நாளில் சித்தன்னவாசலும் திருமயம் கோட்டையும், விடிகாலையில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீன் இறங்கும் கரைகள், கீரமங்கலம் பூ மார்க்கெட். கூட்டம் எங்கே இருக்கோ அங்கே கடை. கட்டட அட்வான்ஸ் கிடையாது, மாத வாடகை கிடையாது. நல்ல யோசனைதான்.

ஆனால் இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் விலையைப் பேசுகிறார்கள், அடுத்து கேபினின் அழகைப் பேசுகிறார்கள், பெயர்ப் பலகைக்கு என்ன கலர் என்பது வரைக்கும் முடிவாகிவிடுகிறது. எடை பற்றிய பேச்சே வருவதில்லை. எல்லாம் வெல்டு வைத்து, பெயின்ட் அடித்து, அடுப்பு ஏற்றி, தண்ணீர் நிரப்பிய பிறகு வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துகொள்கிறது. அப்போதுதான் கேள்வி எழுகிறது. அதற்குள் சேமிப்பும் கடனும் சேர்ந்து இரும்பாக மாறியிருக்கும். திரும்ப எடுக்க முடியாது.

பட்டறைக்குப் போகும் முன் கைப்பேசியை எடுத்து ஆர்.சி.யைத் திறந்து பாருங்கள். டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ உங்கள் வண்டியின் ஆர்.சி.யை இறக்கி வைத்துக்கொள்ளலாம். கார்டாக இருந்தாலும் சரி. அதில் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று காலி எடை, அதாவது சரக்கு இல்லாத வண்டியின் எடை. இன்னொன்று மொத்த எடை: வண்டி, சரக்கு, ஆட்கள் எல்லாம் சேர்ந்து இதற்கு மேல் போகக் கூடாது என்ற உச்சவரம்பு. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் கிடைப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம்.

விளம்பரத்தில் சொல்லும் டன் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பெயரில் வரும் பொலிரோ பிக்கப்பிலேயே 1.3 டன், 1.7 டன் என்று வகைகள் உண்டு. பார்க்க ஏறக்குறைய ஒன்று போலவே இருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் இதில் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். பக்கத்து வீட்டுக்காரர் வண்டி தாங்குகிறது என்பதால் உங்கள் வண்டியும் தாங்கும் என்று இல்லை. உங்கள் ஆர்.சி.யில் உள்ள எண்தான் உங்களுக்கு.

"ஒன்றே கால் டன் வண்டி" என்று சொல்கிறோமே, அந்த ஒன்றே கால் டன்னுக்குள் கேபினும் அடக்கம். இதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். கேபினை வண்டியின் ஒரு பாகமாக நினைத்துவிட்டு, அதற்கு மேல் ஒன்றே கால் டன் ஏற்றலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். சுமை வண்டிக்குக் கேபின் என்பது இறக்கவே முடியாத ஒரு மூட்டை. அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் முதுகில் படுக்கை, சமையலறையோடு ஒரு பெட்டியை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் நிறையப் பேர். அங்கே டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சுமையும் சேர்த்து இவ்வளவுதான் என்று எழுதியிருக்கும். அவர்களும் இதே கழித்தல் கணக்கில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

சரி, கணக்குப் போடுவோம்

எடுத்துக்காட்டுக்கு, ஆர்.சி.யில் மொத்த எடை 2,500 கிலோ, காலி எடை 1,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 1,250 கிலோ.

இப்போது 8 அடி நீளம், ஐந்தரை அடி அகலம், 6 அடி உயரத்தில் ஒரு கேபின். நான்கு சுவரும் கூரையும் சேர்ந்து சுமார் 206 சதுர அடி. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 8 கிலோ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பட்டறையில் பேசும்போது உதவும். 1.2 மில்லிமீட்டர் ஜி.ஐ. ஷீட், எட்டுக்கு நான்கு அளவில் ஒன்றே 28 கிலோ வரும். ஆக வெளிச்சுவருக்கும் கூரைக்கும் மட்டும் 180 கிலோ. ஸ்கொயர் பைப் சட்டத்துக்கு 120. தரைக்கு 3 மில்லிமீட்டர் செக்கர் பிளேட் போட்டால் 100. உள்ளே 12 மில்லிமீட்டர் பிளைவுட் அடித்தால் இன்னொரு 120. தூக்கிக் கட்டும் ஷட்டர், கீல், பூட்டு எல்லாம் 30. வெறும் கூடு 550 கிலோ ஆகிவிட்டது. இன்னும் ஒரு இட்லி கூட வேகவில்லை.

உள்ளே என்ன வைப்பீர்கள்? நம்ம ஊர்ப் பக்கம் கிரானைட்டுக்குக் குறைவில்லை, அதனால் கவுன்டருக்குக் கிரானைட் பலகை போடச் சொல்கிறவர்கள் உண்டு. 20 மில்லிமீட்டர் பலகை ஒரு சதுர அடிக்கு 5 கிலோ. ஆறுக்கு இரண்டு அடி கவுன்டர் என்றால் 60 கிலோ. அதே அளவுக்கு எஸ்.எஸ். ஷீட் போட்டால் 10 கிலோ சுற்றி முடிந்துவிடும். அரை அங்குலக் கனத்தில் மூன்றுக்கு இரண்டு அடி தோசைக்கல் 55 கிலோ. அடுப்பு, சிங்க், ரேக், சின்ன பிரிட்ஜ், இட்லிக் கொப்பரை, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் கூட்டினால் நிலையான சாமான்கள் மட்டும் 360 கிலோ தொடும். 19 கிலோ வணிக சிலிண்டர் இரண்டு, இரும்பின் எடையோடு சேர்த்து 75. சிலிண்டரின் காலி எடை அதன் மேல்பக்கத்திலேயே எழுதியிருக்கும், பார்த்துக் கூட்டிக்கொள்ளுங்கள். மாவு, அரிசி, எண்ணெய், காய் 100. பாத்திரம், தட்டு 60.

அடுத்து தண்ணீர். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒரு லிட்டர் ஒரு கிலோ. 200 லிட்டர் டிரம் இரண்டு என்றால் டிரம்மோடு 420 கிலோ. "அது தீரத் தீரக் குறையுமே" என்று தோன்றலாம். குறையாது. கழுவிய தண்ணீரை ரோட்டோரத்தில் கொட்டக் கூடாது என்பதால் அது கழிவுத் தொட்டிக்குப் போகிறது. எடை இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

ஆட்கள் மூன்று பேர் 195 கிலோ. சட்டத்தில் காலி எடை என்பது டிரைவரையும் உதவியாளரையும் சேர்க்காத எடை. அதனால் ஆட்களின் எடையும் பாரத்தில்தான் வரும்.

எல்லாம் கூட்டினால் 1,760 கிலோ. கையில் இருந்தது 1,250. அதாவது 510 கிலோ அதிகம். பார்வைக்கு இது ஒரு சாதாரண டிபன் வண்டிதான், யாரும் பேராசைப்பட்டு எதையும் ஏற்றவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இதையே குறைக்க முடியுமா? முடியும். வெளிச்சுவருக்கு 1.5 மில்லிமீட்டர் அலுமினியம் போட்டால் 100 கிலோ மிச்சம். வண்டியின் லோடு பாடிக்கே இரும்புத் தரை இருக்கும்போது மேலே இன்னொரு செக்கர் பிளேட் எதற்கு? அதில் ஒரு 100. உள் பிளைவுட்டை மெல்லிய பேனலாக மாற்றினால் 70; அடுப்புப் பக்கம் பிளைவுட் இல்லாமல் இருப்பது எப்படியும் நல்லது. கிரானைட்டைக் கைவிட்டால் 50. தண்ணீரை 150 லிட்டராகக் குறைத்து, போகும் இடத்தில் நிரப்பிக்கொண்டால் 260. மொத்தம் 580 கிலோ இறங்கி, பாரம் 1,180 ஆகிறது. வரம்புக்குள் வந்துவிட்டது. ஆனால் மிச்சம் 70 கிலோதான்; திருவிழா நாளில் இரண்டு மூட்டை கூடினால் போச்சு. மூன்றாவது ஆள் டூவீலரில் வந்துவிட்டால் 135 கிலோ கையிருப்பு. பத்து சதவீதமாவது இப்படி மிச்சம் வைத்துக் கட்டுவது நல்லது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. லோடு பாடி இல்லாமல், டிரைவர் கேபினும் சேசிஸும் மட்டும் விற்கும் வகை உங்கள் மாடலில் கிடைக்கிறதா என்று ஷோரூமில் கேளுங்கள். பின்பக்க இரும்புப் படுகையின் எடையே உங்களுக்கு மிச்சமாகும். அப்படி வாங்கினால் பாடி கட்டுபவர் படிவம் 22-ஏ-வில் தன் பகுதியை நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அதைத் தரத் தயங்குகிற பட்டறையில் வேலை கொடுக்காதீர்கள்.

எடை எங்கே உட்காருகிறது என்பதும் முக்கியம்

மொத்தம் சரியாக இருந்தாலே போதாது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 2,400 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள ஒரு வண்டியில், பின் அச்சைத் தாண்டி 600 மில்லிமீட்டர் தள்ளி 200 கிலோ தண்ணீர் டிரம்மை வைக்கிறீர்கள் என்று வையுங்கள். பின் அச்சில் ஏறுவது 200 அல்ல, 250 கிலோ. அந்தக் கூடுதல் 50 எங்கிருந்து வந்தது? முன் சக்கரத்திலிருந்து. ஏற்றம்-இறக்க மரப்பலகையில் ஒரு பக்கம் பிள்ளை உட்கார்ந்தால் மறுபக்கம் தூக்குமே, அதே கதை. முன் சக்கரம் லேசானால் ஸ்டீயரிங் சொன்ன பேச்சு கேட்காது. அதனால் தண்ணீர், பேட்டரி, சிலிண்டர் போன்ற கனமான பொருட்கள் பின் அச்சுக்கு முன்னால், தாழ்வாக வர வேண்டும். பின்பக்கம் பரிமாறும் கவுன்டரும் லேசான ரேக்கும் இருக்கலாம். பின் அச்சைத் தாண்டிப் பாடி நீண்டிருக்கும் அளவு, இரண்டு அச்சுக்கும் உள்ள தூரத்தில் 60 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதிகளும் சொல்கின்றன.

பாதி நிரம்பிய டிரம் இன்னொரு ஆபத்து; வளைவில் தண்ணீர் ஒரு பக்கம் மொத்தமாகச் சாயும். மூடியுள்ள, தடுப்பு வைத்த சின்னத் தொட்டிகள் இரண்டு, பெரிய டிரம் ஒன்றைவிட எவ்வளவோ மேல். ஆறடி உயரப் பெட்டியோடு மீமிசல் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது கடல் காற்று பக்கவாட்டில் தள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

"கவலைப்படாதீங்கண்ணே, பின்னாடி ரெண்டு பட்டை கூட்டிடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். ஸ்பிரிங்கில் பட்டை கூட்டினால் வண்டி தாழாது, உண்மைதான். ஆனால் பிரேக், அச்சு, வீல் பேரிங், டயர் எதுவும் மாறவில்லையே! நம் எடுத்துக்காட்டில் 2,500 கிலோவுக்குச் செய்த பிரேக், 3,010 கிலோவை நிறுத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் சூடு. தாழ்வது ஒரு எச்சரிக்கை. பட்டை கூட்டுவது அந்த எச்சரிக்கையை மறைப்பது மட்டும்தான். ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையும் அதனால் ஒரு கிலோ கூட உயராது.

டயரையும் ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். பக்கச் சுவரில் அளவுக்குப் பின்னால் 90, 97, 100 என்று ஒரு எண் இருக்கும். 90 என்றால் ஒரு டயர் 600 கிலோ தாங்கும், 97 என்றால் 730, 100 என்றால் 800. அதுவும் சரியான காற்றழுத்தம் இருந்தால்தான். சித்திரை வெயிலில் காற்றுக் குறைந்த டயரோடு அதிக பாரம் ஏற்றிப் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

எடை மேடைக்கு மூன்று முறை

காகிதக் கணக்கு வழிகாட்டும், முடிவு சொல்வது எடை மேடைதான். கல் குவாரி, அரிசி ஆலை இருக்கும் சாலைகளில் எல்லாம் எடை மேடை உண்டு. தொழிலாளர் துறையின் முத்திரை அந்த ஆண்டுக்குப் போடப்பட்டிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், அது உங்கள் உரிமை. முதல் முறை, கேபின் கட்டும் முன் வெறும் வண்டியை நிறுத்துங்கள். பழைய வண்டியில் கேரியர், கம்பி, கூடுதல் பம்பர் என்று சேர்ந்து, ஆர்.சி.யில் உள்ள காலி எடையைவிட நிஜ எடை கூடவே இருக்கலாம். இரண்டாம் முறை, கூடு முடிந்து அடுப்பு ஏற்றும் முன். இன்னும் குறைக்க வழி இருக்கும்போதே தெரிந்துகொள்வதற்காக. மூன்றாம் முறை, தண்ணீர், சிலிண்டர், ஆட்கள் எல்லாரோடும் கடைக்குக் கிளம்பும் நிலையில். அப்போது முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு எடை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு எடை எடுக்கச் சொல்லுங்கள். பாரம் முன்னும் பின்னும் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பெரிய மேடைகள் 5 அல்லது 10 கிலோ படிகளில்தான் காட்டும். நமக்கு அது போதும். சீட்டை போட்டோ எடுத்து கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆர்.சி. மாறாவிட்டால்

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 113 இரண்டு விஷயங்களைத் தடுக்கிறது. பாரத்தோடு உள்ள எடை ஆர்.சி.யின் மொத்த எடையைத் தாண்டக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: காலி எடையும் ஆர்.சி.யில் எழுதியிருக்கும் காலி எடையைத் தாண்டக் கூடாது. தொழிலுக்கு வழக்கமாக வைத்திருக்கும் சாமான்களும் காலி எடையில் சேரும். எனவே கேபின் கட்டிய மறுநாளே, ஒரு லிட்டர் தண்ணீர் ஏற்றாமலே, வண்டி ஆர்.சி.க்கு முரணாக நிற்கிறது. நம் எடுத்துக்காட்டில் எடையைக் குறைத்துக் கட்டிய பிறகும் காலி எடை 1,250 அல்ல, சுமார் 1,840.

"கேபினை நட்டு போல்ட்டில் மாட்டிக்கிறேன், வேண்டாதப்போ கழற்றிடுவேன். அப்ப மாத்த வேண்டாம்ல?" இந்தக் கேள்விக்கும் சட்டத்தின் வரையறையிலேயே பதில் இருக்கிறது. மாற்றி மாற்றி மாட்டும் பாடிகள் இருந்தால், அவற்றில் எது அதிக எடையோ அதோடு சேர்ந்த எடைதான் காலி எடை. கழற்றி மாட்டுவது வசதி, விலக்கு அல்ல.

அதிக பாரத்துக்குப் பிரிவு 194-இன்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒன்றுக்கு 2,000 ரூபாய், சுமையை இறக்கும் செலவு தனி. இறக்காமல் வண்டி நகரக் கூடாது. நெல் மூட்டை என்றால் இன்னொரு வண்டிக்கு மாற்றிவிடலாம். வெல்டு வைத்த கேபினை எந்த வண்டிக்கு மாற்றுவது? எடை போட மறுத்து வண்டியை நிறுத்தாமல் போனால் 40,000 ரூபாய். அனுமதி இல்லாத மாற்றத்துக்கு வண்டி உரிமையாளர் மீது தனி நடவடிக்கையும் உண்டு: ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

எனவே வரிசை இதுதான். கேபின் வரைபடமும் எடைக் கணக்கும் கையில் இருக்கும்போதே, வேலை தொடங்கும் முன், புதுக்கோட்டை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலோ உங்கள் பகுதிக்கான அலுவலகத்திலோ கேட்டு அனுமதி பெறுங்கள். பரிவாஹன் தளத்தில் வாகனச் சேவைகள் பகுதிக்குப் போய், தமிழ்நாடு, பிறகு உங்கள் அலுவலகம் என்று தேர்ந்தெடுத்தால் வாகன மாற்றத்துக்கான விண்ணப்பம் வரும். மத்திய அரசின் 2004-ஆம் ஆண்டு அறிவிக்கையில் வாகன வகைகளின் பட்டியலில் நடமாடும் கேண்டீன் என்றே ஒரு வகை உண்டு. அது போக்குவரத்து வாகனப் பிரிவில் வருகிறது. சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் வேறு பிரிவில் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், உங்கள் வண்டி எந்த வகைக்கு மாற வேண்டும் என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுங்கள். வண்டிக்குக் கடன் இருந்தால் நிதி நிறுவனத்தின் சம்மதக் கடிதமும் தேவை. மாற்றம் முடிந்து 14 நாட்களுக்குள் தெரிவித்து, புதிய காலி எடையை ஆர்.சி.யில் பதிய வேண்டும். அடுத்த எஃப்.சி.க்குப் போகும்போது ஆய்வாளர் பார்ப்பது இந்தப் பதிவைத்தான்.

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் அதே வாரத்தில் எழுத்தில் தெரிவித்து, கேபினையும் உள்ளே இருக்கும் சாமான்களையும் பாலிசியில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். வெறும் சரக்கு வண்டியாகப் போட்ட பாலிசியை வைத்துக்கொண்டு, தீ விபத்துக்குப் பிறகு அடுப்புக்கும் கேபினுக்கும் நஷ்ட ஈடு கேட்டால் சிக்கல்தான். ஓடும் வண்டியில் பின் கேபினுக்குள் ஆள் உட்காரக் கூடாது. முன் சீட்டில் இடம் இல்லாதவர் பஸ்ஸில் வரட்டும். சிலிண்டரை நிற்கும் நிலையில் கட்டி, ரெகுலேட்டரைக் கழற்றிய பிறகே வண்டியை எடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவை ஃபாஸ்காஸ் தளத்தில் தனியாகச் செய்ய வேண்டும், அதைப் போக்குவரத்து அலுவலகம் கேட்காது, உணவுப் பாதுகாப்பு அலுவலர் கேட்பார்.